முன்பல்லும் சாக்ஸபோனும்

என் கணவர் போர்ட் பிளேரில் போலீஸ் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தார். காலையில் அணிவகுப்பு இசை. சனிக்கிழமை சாயங்காலம் அதிகாரிகள் கிளப்பில் ஜாஸ். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு ஜாஸை யார் சொல்லித் தருவார்கள்? சிற்றலை ரேடியோவில், இரைச்சலுக்கு நடுவே கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் கப்பலில் வந்து இறங்கியபோது, கிளப்பில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது.

அவருடைய சத்தம் தனி. சுரத்துக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வரும். பிறகுதான் சுரம், அதுவும் லேசாகக் கரகரத்து. சொல்ல வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் பேசுவது போல இருக்கும். பேண்ட் மாஸ்டருக்கு அது ஆகாது. காற்று கசிகிறது என்று எல்லோர் முன்னாலும் திட்டுவார். கிளப்பிலோ ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

கல்கத்தாவில் ஒரு ஹோட்டலில் இசைக்குழு நடத்துகிறவர், உறவினரைப் பார்க்கத் தீவுக்கு வந்தபோது அதைக் கேட்டார். திரும்பிப் போனதும் கடிதம் போட்டார். குழுவில் ஓர் இடம் காலி. அடுத்த கப்பலில் வந்தால் மற்றவர்களும் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். இவர் லீவு எழுதிக் கொடுத்தார். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

இரண்டு நாள் கழித்து, அவர் சோற்றை ஆறவைத்து ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்தேன்.

"என்னங்க, பல்லா?"

"ஒண்ணுமில்ல."

மேல்வரிசை முன்பல். சாக்ஸபோனை ஊதும்போது அதன் வாய்முனைமேல் பதிகிற பல் அது. கிராம்பை நசுக்கி வைத்துக்கொண்டு ஊதினார். அடுத்த நாள் மேலுதடு வீங்கியது, அதற்கடுத்த நாள் கன்னம். வாய்முனையில் ரத்தம் ஒட்டியிருந்ததைத் துடைத்து எனக்குத் தெரியாமல் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "பல்லு போச்சுன்னா என் சத்தம் போச்சு. கல்கத்தாவுல எதை ஊதறது?" என்பார். நான் அடுப்படியில் நின்றபடியே அவர் ஊதுவதைக் கவனிப்பேன். ஊதினால் பயம். நிறுத்தினால் அதைவிடப் பயம்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு கண் பாதி மூடிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாங்கள் குடியிருந்த கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சீழ் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறிவிடும், இப்போதே எடுக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னார்.

இவரால் வாயைச் சரியாக அசைக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்கத்தா போய்ட்டு வந்தப்பறம் எடுத்துக்கறேன்னு சொல்லு" என்று குழறினார்.

நான் டாக்டரைப் பார்த்து, "நிகால் தீஜியே" என்றேன். எடுத்துவிடுங்கள் என்று.

இந்தி என் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் விட்டதும் சாக்ஸபோனை எடுத்தார். ஒரு கிறீச் சத்தம், அப்புறம் வெறும் காற்று. மறுபடி கிறீச். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றுவிட்டது. ஒரு மனிதனின் பிழைப்பை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் மேலுதட்டை உள்ளுக்கு மடித்து, ஓட்டையை மூடிக்கொண்டு ஊதினார். சுரம் வந்தது. ஆனால் முன்னால் வரும் மூச்சு இல்லை, கரகரப்பும் இல்லை. மெல்லிசாக, நேராக, வேறு யாரோ வாசிப்பது போல வந்தது.

"எப்படி இருக்கு?" என்றார். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். நிஜத்தில் எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

அவர் போனபின் பதினாறு நாள் சேதி இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். கடைசியில் தந்தி வந்தது, வேலை கிடைத்தது என்று. பின்னால் வந்த கடிதத்தில் விவரம் இருந்தது. அந்த மூச்சு எங்கே என்று குழுத்தலைவர் கேட்டாராம். இவர் வாயைத் திறந்து காட்டினாராம். "சரி, இருக்கிறதை ஊது" என்றாராம் அவர்.

குழந்தை பிறந்ததும் நானும் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது வருஷம் கல்கத்தாவில் வாசித்தார். கதவுக்கு வெளியே நின்றே, அவர்தான் ஊதுகிறார் என்று அங்கே ஆட்கள் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த மெல்லிய சத்தம் ஒன்றுதான். ஹோட்டல்கள் குழுக்களைக் கலைக்கத் தொடங்கியபோது போர்ட் பிளேருக்கே திரும்பினோம்.

நான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு தடவை நானாகக் கேட்டேன். "அந்த டாக்டருக்கு நல்ல கை" என்றார். பிறகு வாசிக்க உட்கார்ந்துவிட்டார்.