அவளுடைய ஐந்து

மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போய், முதல் வருட ரஷ்ய மொழிப் படிப்போடு நிறுத்தி, ஒரே வருடத்தில் கண்டிக்குத் திரும்பியவள் நான். போனது இரண்டு பேர்: கலஹா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கண்டிக் கடைக்காரர் மகளான நான். வருடக் கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் அவளுக்கு நிமோனியா வந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எனக்கு அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை.

அங்கே எங்களை அக்கா தங்கை என்றே நினைத்தார்கள். எங்கள் அப்பாக்கள் இருவருக்கும் ஒரே பெயர். நமக்கு அப்பா பெயர் முன்னால் நிற்கும். அவர்களுக்கு அது குடும்பப் பெயராகிவிட்டது. வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இருவரும் எழுந்து நிற்போம். அவள் பதில் சொல்வாள், நான் தலையாட்டுவேன். அவள் இருந்தவரை எனக்கு வாயே தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ரஷ்ய மொழியையும் ஒரு பாடமாக எடுத்தேன். வெளியில் படித்தவர்கள் பெறுபேற்றுத் தாளைக் காட்ட வேண்டும். நாலோ ஐந்தோ எடுத்திருந்தால் முதல் வருடத்திலிருந்து விலக்கு, நேரே இரண்டாம் வருட வகுப்பு. மூன்று என்றால் எழுத்துப் பழகுவதிலிருந்து தொடங்க வேண்டும். ரஷ்யாவில் ஐந்துதான் ஆக உயர்ந்த புள்ளி. நான் எடுத்தது மூன்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தாளைக் கேட்டு எழுதிப்போட்டேன்.

வந்த உறையில் தாள்கள் இரண்டு இருந்தன. அக்கா தங்கைக்குச் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். என் பெயர் போட்ட தாளில் ஐந்து. அவள் பெயர் போட்ட தாளில் மூன்று.

மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பார்த்தவுடனேயே புரிந்தது. புரிந்தும், வாயை மூடிக்கொண்டு தாளை நீட்டினேன். விலக்குக் கிடைத்தது.

மற்றத் தாளைக் கலஹாவுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய அம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் அதைத் தொட்டார். ரஷ்ய எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, இலக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே.

“மூணு போட்டிருக்கே, புள்ள. மூணாவதாவா வந்தா?”

நம் பள்ளிக்கூட ரிப்போட்டில் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று போடுவார்கள். அந்த அம்மா மகளுடைய ரிப்போட்டில் வருடா வருடம் பார்த்ததும் அந்த ஓர் இலக்கத்தைத்தான்.

“ஆமாம்மா,” என்றேன்.

“அத்தன நாட்டுப் புள்ளைங்களுக்குள்ள மூணாவது,” என்றார். அழவில்லை. தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

இரண்டாம் வருட வகுப்பில் விரிவுரையாளர் என் தாளைப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்தேன். ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கதிரையில் ஒருநாளும் என் பையை வைத்ததில்லை. யாராவது பின்னால் இருமினால் முதுகு சில்லிட்டுப்போகும். ஒருநாள் விரிவுரையாளர், “ஐந்து எடுத்த பிள்ளை எங்கே போனது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சும்மா பகிடிக்குத்தான் கேட்டார்.

அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதவைத்தார். திருத்திய தாள்கள் வந்தன. என் விலக்கு போனது, எழுத்துப் பழகும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவளுடைய சரியான தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கலஹா பஸ் ஏறினேன். அதைப் பார்த்ததும் அவள் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“அஞ்சாவதா?”

“இல்லம்மா. அங்க எடம் போடமாட்டாங்க. அஞ்சுதான் எல்லாத்துக்கும் மேல. அவளுக்கு மேல யாருமே இல்ல.”

சுவரைப் பார்த்தார். “அப்ப அந்த மூணு?”

“பேரு அவளோடது. மார்க்கு என்னோடதும்மா. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.”

அவர் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியின் நடுவில் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. தாளை உருவி என்னிடம் கொடுத்தார்.

“தெனம் கொழுந்தெடுக்க மலைக்குப் போகுறதுக்கு முந்தி இதத் தொட்டு அவகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன், புள்ள,” என்றார். “அவளுக்குக் கேட்டிருக்குமா?”

பக்கத்தில் யாரோ பதில் சொல்வார்கள் என்பதுபோல நான் நின்றுகொண்டிருந்தேன்.