சமையலறையில் இரண்டாவது கடிகாரம்

என் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையான அத்தைக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. சன்னல் இல்லாத அறை. "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம்." நாள் முழுவதும் அவள் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான். அவளுடைய அம்மா இறந்த பிறகு வீட்டில் அந்த அளவுக்கும் பேச்சில்லை. நாற்பத்தாறாவது வயதில் விமானம் ஓட்டக் கற்கச் சேர்ந்தபோது, அவளுடைய உடன்பிறந்த ஒரே அண்ணன் தொலைபேசியில் சிரித்தார். "தரையில நடந்தாலே உனக்குக் கால் வலிக்கும். வானத்துல என்ன வேலை?" அம்மாவை அடக்கம் செய்த அன்று வந்து போனவர், அதன்பின் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விமானம் ஓட்டுவது அவளுக்குக் கைவந்துவிட்டது. வானிலை முன்னறிவிப்புதான் தண்ணி காட்டியது. எந்தத் திசையிலிருந்து காற்று, எந்த உயரத்தில் மேகம், எத்தனை மணிக்கு எது மாறும் என்பதெல்லாம் எழுத்தும் எண்ணுமாகக் கோத்துக் கிடக்கும். முதல் மாதத்தில் ஒரு நாள், முன்னறிவிப்புத் தாளில் பத்து மணிக்கு மழை என்று படித்துவிட்டு, கையில் குடையோடு, பளிச்சென்ற காலை வெயிலில் விமானத்தில் ஏற மறுத்து நின்றாள். அவளைவிட வெகு இளையவரான பயிற்றுநர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"மேடம், இது நம்ம கடிகாரம் இல்ல. விமானக்காரங்களுக்கு உலகம் முழுக்க ஒரே மணி. நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடுறோம். உங்க மழை சாயங்காலம் மூணரை மணிக்குத்தான் வரும்."

"அப்ப குடையை மடக்கிடவா?"

"மடக்குங்க. உள்ள குடைக்கு இடமில்ல."

சொன்னபடியே மாலையில் மழை வந்தது. அன்றே அத்தை ஒரு கடிகாரம் வாங்கி, சமையலறையில் பழைய கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டி, உலக மணியை வைத்தாள். அவள் காலைத் தேநீர் குடிக்கும்போது அது பின்னிரவைக் காட்டும். பறக்கும் நாட்களில் கைக்கடிகாரத்தையும் அதற்கே திருப்பிக்கொண்டாள். நாளடைவில் பறப்பது பற்றிய எதையும் அந்த மணியிலேயே நினைக்கலானாள். குறுக்கே கேட்டுத் திருத்த வீட்டில் ஆளில்லை.

உரிமத் தேர்வுக்கு முன், தனியாக நெடுந்தூரம் பறந்து வேறொரு தளத்தில் இறங்கி, அன்றே திரும்ப வேண்டும். அண்ணன் ஊருக்கு அருகிலிருந்த தளத்தை அத்தை தேர்ந்தெடுத்தாள். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"நெசமாவே தனியாவா? எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு இறங்கிடுவேன்."

"வந்து நிக்கிறேன். அதையும் பார்த்துடுவோம்."

அந்த "வந்து நிக்கிறேன்" என்ற சொல்லையே அவள் நாட்கணக்கில் அசைபோட்டாள்.

அன்று சக்கரங்கள் ஓடுதளத்தைத் தொட்டபோது கைக்கடிகாரத்தில் மணி நாலு. கம்பிவேலிக்கு அப்பால் ஒருவருமில்லை. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, எங்க இருக்கீங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"வீட்டுலதான். மணி ஒம்பதரைதானே ஆவுது! நாலு மணின்னு நீதான சொன்ன?"

அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "என் தப்புண்ணா. அது விமான மணி."

"இப்பக் கிளம்பினாலும் பஸ் மாறி வர ரெண்டு மணி நேரம் ஆவும். இருப்பியா?"

வானிலைத் தாளை விரித்தாள். நம் மணிக்கு நண்பகலுக்கு மேல் வழி நெடுக இடிமேகம் என்றிருந்தது. வானமோ துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. விரல்விட்டு ஐந்தரை ஐந்தரையாகக் கூட்டி மறுபடியும் படித்தாள். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். சரியாகத்தான் படித்திருந்தாள்.

"இருக்க முடியாதுண்ணா. மழை வருது."

"எங்க வருது? இங்க வெயில் மண்டையப் பொளக்குது."

"வரும்ணா."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் வரைபடம் மட்டும் இருந்தது.

அவள் வீடு வந்து சேர்ந்த பிறகு இடி இடித்தது. சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பழைய கடிகாரம் நாலைத் தொட்டபோது தொலைபேசி ஒலித்தது.

"வந்துட்டேன்," என்றார் அண்ணன்.

"எங்கண்ணா?"

"நீ இறங்கின இடத்துக்குத்தான். நாலு மணிக்கு வரேன்னு சொல்லியிருந்தேன்ல. காவலாளி கொட்டகையில ஒதுங்கியிருக்கேன். கொட்டித் தீர்க்குது."

"நான்தான் போயிட்டேனேண்ணா."

"தெரியும். அந்தக் காத்துப்பை நனைஞ்ச சட்டைக் கையாட்டம் தொங்குது. மழை எப்ப விடும்னு உன் தாள்ல போட்டிருக்கா?"

அத்தை விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "ஆறு மணிக்கு. நம்ம மணிதான்."

"அதுவரைக்கும் ஏதாவது பேசிட்டு இரு."

நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளின் அடுத்த வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். "காத்து தெக்கேயிருந்து வருது..."

மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் "ம்" கொட்டினார்.