கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

எங்கள் வீட்டில் பாப்பாவுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதில்லை. ரயிலைக் காட்டித்தான் ஊட்டினோம். சேக்காட்டில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் மாடி போர்ஷன் எங்களுடையது. ஹால் ஜன்னலைத் திறந்தால் எதிரே தண்டவாளம். ஆவடி பக்கம் ஒன்று, திருவள்ளூர் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வண்டி வரும். எலக்ட்ரிக் ட்ரெயின் என்றால் இரண்டு வாய். கூட்ஸ் வந்தால் கிண்ணமே காலியாகிவிடும், அவ்வளவு நீளம்.

பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, எங்களுக்குச் சத்தம் கேட்பதற்கும் முன்னாலேயே, துள்ள ஆரம்பித்துவிடுவாள். அவள் துள்ளி முடித்த பிறகுதான் வண்டி வரும். எனக்கு அதில் பெருமை தாங்காது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஜன்னல் பக்கம் நிறுத்தி வேடிக்கை காட்டுவேன். "எம்பொண்ணுக்குப் பாம்புக் காது" என்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் மனைவி, "சும்மா சொல்லிச் சொல்லி நீயே கண்ணு வச்சிடாத" என்று அவர்கள் போன பிறகு உப்பைச் சுற்றிப் போடுவாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டிப்போடும். அப்படி வரிசையாக மெஷின்கள் ஓடுகிற இடத்தில் வாயால் பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைப்பேச்சுதான். நெஞ்சுக்கு நேரே கையை இழுத்தால் வா. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் நிறுத்து. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு. மணிக்கட்டைத் திருப்பினால் இல்லை. சேர்ந்த ஆறு மாதத்தில் கை தானாகப் பேச ஆரம்பித்துவிடும். பிறகு அது வீட்டுக்கு வந்தாலும் ஓயாது.

என்னைப் பார்த்து என் மனைவிக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஷிப்ட் முடிந்து காது இரைச்சலோடு வருகிறவனிடம் கத்துவதைவிடக் கையைக் காட்டுவது அவளுக்குச் சுலபம். பாப்பாவிடமும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வாய் ஒரு பக்கம் பேசும், கை ஒரு பக்கம் பேசும். வா என்றால் வருவாள். சாப்பிடலாமா என்றால் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்து வருவாள். செருப்பை மாட்டு என்றால் மாட்டுவாள். இரண்டு வயதில் இவ்வளவு விவரமா என்று பார்க்கிறவர்கள் வியந்தார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது. கோவில்பதாகையில் இருக்கும் என் அக்கா சொன்னாள்: "இன்னாத்துக்குடா பயப்படற? நீயே மூணு வயசுலதான் வாயத் தொறந்த. தொறந்தது இன்னும் மூடல." எல்லோரும் சிரித்தோம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். ஒரு முறை என் மனைவி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பின்னாலேர்ந்து கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குதுப்பா."

"வெளயாட்டு மும்முரத்துல கீது. நீ கூப்ட்டா நானே திரும்பறது இல்ல, அது எங்கேர்ந்து திரும்பும்?" என்று பேச்சை அடைத்தேன். பேச்சை அடைப்பதில் நான் கெட்டிக்காரன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று தெரிந்ததால் அவளும் இரண்டாவது முறை சொல்லமாட்டாள்.

பாப்பாவுக்கு இரண்டே கால் வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட் பக்கத்தில் ஒரு பூனைக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். பூனை தெருவுக்குள் ஓடியது, இவளும் பின்னால் ஓடினாள். முனையில் ஷேர் ஆட்டோ திரும்புவதைப் பார்த்தேன். "பாப்பா, நில்லு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பவில்லை. ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதற்கும் திரும்பவில்லை. நான் பாய்ந்து போய்த் தூக்கிய போது ஆட்டோ ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

"இன்னா நைனா, கொயந்தைய ரோட்ல உட்டுட்டு இன்னா பண்ணிகினு கீற?" என்று அவர் கேட்டார். தெருவே பார்த்தது.

பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தால் என்னைப் போன்றவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். பாப்பாவை இறக்கி நிற்கவைத்து, "கூப்ட்டா காதுல வாங்கறியா நீ?" என்று கத்தி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். தகட்டைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. நான்கு விரலும் பதிந்துவிட்டன. அவள் உடனே அழவில்லை. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அன்றிலிருந்து என் வலது கை இடுப்புக்கு மேலே எழுந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினாலும் மூடிக்கொள்வாள். "புள்ள எப்டி பயப்படுது பாரு" என்றாள் மனைவி. "கொஞ்சம் பயம் கீட்டும், நல்லதுதான்" என்றேன். உள்ளே சுருக்கென்றது. ஆனால் வாயால் ஒத்துக்கொண்டால் நான் நானா?

இரண்டரை வயதில் பால்வாடியில் விட்டோம். இரண்டு வாரம் போயிருக்கும். கூட்டிவரப் போன ஒரு நாள் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க. பாட்டு போட்டா மத்த புள்ளைங்க ஆடுது. இது அதுங்களப் பாத்துதான் ஆடுது. பாட்டு நின்னாலும் மத்ததுங்க நின்னப்புறம்தான் இது நிக்குது. ஒரு தடவ காது டாக்டருகிட்ட காட்டிடுங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எம்பொண்ணு காதப் பத்தி எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிபோச்சா? ரயிலு வர்றத எங்களுக்கு முன்னால கண்டுபிடிக்கிற புள்ள அது. சோத்தப் போட்டமா, முட்டையக் குடுத்தமான்னு உன் வேலையப் பாரு" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்திவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. அந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரியும். அவர் சொன்னது உண்மையாக இருந்தால், தெருவில் நான் அடித்த அடிக்கு என்ன பேர்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்று மாதத்தை ஓட்டினேன். பாப்பா பேசக் கற்கவேண்டிய மாதங்கள் அவை. என்னுடைய மாதங்களாக இருந்தால் பரவாயில்லை, போகட்டும் என்று விட்டுவிடலாம்.

உண்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலிலேயே வந்து உட்கார்ந்தது. வெயிலில் காயவைத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து தரையில் போட்டிருந்தோம். பாப்பா அதன் நடுவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூட்ஸ் வந்தது. பாத்திர ஸ்டாண்டில் தம்ளர்கள் ஆடுகிற அளவுக்குச் சத்தம். பாப்பா அடுத்த மூடியை எடுத்து வைத்தாள். கடைசிப் பெட்டி போகும்வரைக்கும் அவள் தலை நிமிரவில்லை.

நான் எழுந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். என் முகம் ஜன்னலைப் பார்க்க, அவள் முதுகு ஜன்னல் பக்கம் இருக்க, அவளுடைய இரண்டு கையையும் என் கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். எலக்ட்ரிக் ட்ரெயின் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, போனது. அவள் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வண்டிக்கு அவள் உள்ளங்கையை ஜன்னல் கம்பியில் வைத்தேன். கம்பி லேசாக அதிர ஆரம்பித்ததும் துள்ளினாள். வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது.

இத்தனை நாளும் அவள் கையால்தான் ரயிலைத் தெரிந்துகொண்டாள், எங்கள் கையால்தான் எங்களைத் தெரிந்துகொண்டாள். சமையலறை வாசலில் நின்று என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

சிட்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தூங்குவதற்கு மருந்து கொடுத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, காதுக்கு மெஷின் போட்டுப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர வாய்ப்பு இருக்கிறது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கவேண்டும் என்றார் டாக்டர். எனக்கு ஒன்றே ஒன்று கேட்கவேண்டியிருந்தது. மனைவி பக்கத்திலேயே இருந்தாள்.

"டாக்டர், நான் ஒரு தடவ கன்னத்துல அடிச்சேன். அதனால ஏதாவது...?"

"இல்ல, இது பிறக்கும்போதே இருந்தது. நீங்க அடிச்சதால வரல" என்றார்.

நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. அந்த நிம்மதி ஆவடி ட்ரெயினில் ஏறி உட்காரும்வரைக்கும் இருந்தது. பாப்பா மருந்து மயக்கம் தெளியாமல் மடியில் தூங்கினாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கி நீ கத்துனது அதுக்கு கேக்கவே இல்ல. எதுக்கு அடிக்கறன்னே தெரியாம அடி வாங்கிகீது." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்பத்தூர் தாண்டும்போது, இந்தக் கையைக் காய்க்கவைத்த எஸ்டேட் பக்கம் திரும்பாமல் குனிந்தே இருந்தேன்.

மறுநாள் பால்வாடிக்குப் போனேன். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, வாய் வராமல், கையைக் கூப்பினேன். "மிஷின் போட்டாச்சுன்னா இட்டுகினு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

மெஷின் வந்த முதல் நாள் நான் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. ரயில் வந்தது. பாப்பா அலறினாள். மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டு அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த ரயில், கையில் குறுகுறுவென்று வந்து போகிற ரயில், இப்படி ஒரு பூதமாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வாரக்கணக்கில் ஜன்னல் பக்கமே வரவில்லை. சோறு ஊட்டுவது பெரும்பாடாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் எங்கள் வீட்டுக் கைப்பேச்சைப் பற்றிச் சொன்னேன். "அது தப்பு இல்ல. அதனாலதான் பாப்பா இவ்வளவு புரிஞ்சிக்கிட்டிருக்கா. ஆனா இப்ப மெஷின்ல கேட்டுப் பழகணும். தினமும் கொஞ்ச நேரமாவது கையப் பின்னால கட்டிக்கிட்டு, அவளுக்குப் பின்னால நின்னு கூப்பிடுங்க" என்றார்.

சொல்வதற்கு எளிது. நான் பேச வாயைத் திறந்தாலே கை முந்திக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஹாலில் அவளுக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி நின்று, வலது மணிக்கட்டை இடது கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "பாப்பா" என்பேன். திரும்பமாட்டாள். மறுபடி கூப்பிடுவேன். பத்துத் தடவை, இருபது தடவை. கோபம் வரும். அது யார்மேல் என்று இப்போது தெரிந்திருந்ததால் விழுங்கிக்கொள்வேன். மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. அதற்குள் பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்தது. மெஷினைப் பிடுங்கி எறிவதை நிறுத்தியிருந்தாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம். பாப்பா தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவி இல்லை, மிக்சி இல்லை, ரயிலும் இல்லை. வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிதாகக் கத்தக்கூட இல்லை.

"பாப்பா."

மூடியைப் பிடித்த கை நின்றது. தலை திரும்பியது. என்னைப் பார்த்தாள். மனைவியின் மடியிலிருந்து கீரைத் தட்டு சரிந்து விழுந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்ற பாப்பாவை வாரித் தூக்க இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓர் அடி முன்னால் போனேன். பாப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தோளை உயர்த்திக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.

என் குரலை முதல் தடவையாகக் கேட்டுத் திரும்பியவள், அடி விழும் என்று காத்திருந்தாள்.

கையை இறக்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"பாப்பா" என்று கூப்பிட்டேன்.

தோள் மெல்ல இறங்கியது. கண்ணை மூடியபடியே, குரல் வந்த பக்கம், ஓர் அடி எடுத்து வைத்தாள்.