சொல்லிவிட்டு வைத்த வழக்கு

எங்கள் ரேஷன் கடை மெஷினில் அம்சவேணி இடது கட்டைவிரலைத்தான் வைப்பார். வலது கை விரல்களை டயர் கழற்றும் கம்பியால் பூபதியின் ஆட்கள் நொறுக்கிவிட்டார்கள். "நாந்தானுங்க போயிச் சொன்னேன்" என்பார், ஏதோ தானே உடைத்துக்கொண்ட மாதிரி. பில் போடுகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் மரவள்ளியும் மிளகும் போட்டுப் பிழைத்தவர். மகள் சுகுணாவைக் கீழே பேளுக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தார். மறுவருடமே அந்த வீட்டுக்குப் பின்னால் பூபதி ஓர் ஆலை போட்டான். பழைய டயரை உருக்கி எண்ணெய் எடுக்கும் ஆலை. காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் கரித்துணியாகிவிடும். சுகுணாவுக்கு இளைப்பு வந்தது. பிள்ளை உண்டான ஐந்தாம் மாதம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்தப் புகையில் இருந்தால் பிள்ளை தங்காது என்றார் டாக்டர். மலைக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. மறுபடி மூச்சு முட்டினால் மலைரோட்டின் எழுபது வளைவு இறங்குவதற்குள் உயிர் போய்விடும்.

வக்கீல் ரோஸ்லின் வழக்கை எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை சுகுணா வீட்டு மொட்டைமாடியில் காற்றை அளக்கும் கருவி வைப்போம், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார்.

அம்சவேணி விட்டார். அவர் ஊரில் ஒரு வழக்கம். ஊர்க் கவுண்டரிடம் வழக்கு வைக்கும் முன், எதிராளி வாசலில் போய் நின்று, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், இன்ன வழக்கு வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எதிராளி "கேட்டாச்சு" என்ற பிறகே நகர வேண்டும். சொல்லாமல் வைப்பது திருட்டு வழக்கு. புதன்கிழமை பூபதி வாசலில் போய் நின்றார். என்றைக்கு அளக்கிறார்கள் என்று அவன் கேட்க, அதையும் சொல்லியிருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பூபதி சிரித்துக்கொண்டே "கேட்டாச்சு" என்றானாம்.

வியாழக்கிழமை உலை அணைந்து கிடந்தது. கருவி நல்ல காற்று என்று காட்டியது. மதியம் பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் அம்சவேணியை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். முகத்தைத் தார் ரோட்டில் வைத்துத் தேய்த்தார்கள். ஒருவன் முழங்கை மேல் ஏறி நிற்க, இன்னொருவன் விரல்களைக் கல்லின் மேல் விரித்து ஒவ்வொன்றாக அடித்தான். இனி எந்தக் காகிதத்திலும் ரேகை வைக்க மாட்டாய் என்றானாம். சந்தைக்கு வந்த ஜனம் சுற்றி நின்று பார்த்தது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை. நாசமாய்ப் போகிற ஜனம்.

மறுநாள், அணைத்த நாளுக்கும் சேர்த்து உலையை எரித்தார்கள். சனிக்கிழமை ஆட்டோவில் போகும்போதே சுகுணாவுக்குப் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, குழியை இடது கையால் அம்சவேணியே தோண்டினார்.

அடுத்த தடவை அவர் சொல்லவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கருவி ஒன்பது நாள் இருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் ஆலைக்குச் சீல் வைத்தது. ரோஸ்லின் இனிப்போடு மலையேறி வந்தார். அம்சவேணி தொடவில்லை. திருட்டு வழக்கில் ஜெயித்தவளுக்கு இனிப்பு எதற்கு என்று கேட்டார்.

மறுநாள் காலை அம்சவேணி பூபதி வாசலுக்குப் போக மலையிறங்கினார். தடுக்கப் பார்த்து முடியாமல் நானும் போனேன். பூபதி தண்ணீர் தரவில்லை. எங்களைப் பார்த்ததும் கதவோரம் கிடந்த கம்பியை எடுத்தான். நான் பின்வாங்கினேன், வெட்கத்தை விட்டே சொல்கிறேன். அவர் ஓரடி முன்னால் வைத்தார்.

"ஏனுங்க, டயர் வழக்கச் சொல்லாம வெச்சுப்புட்டேன். அது எந் தப்புதானுங்க. எங் கைய ஒடச்சதுக்கும், எம் பேரன் செத்ததுக்கும் நாளைக்கு வழக்கு வெக்கறேன். கேட்டாச்சுன்னு சொல்லுங்க, போயிடறேன்."

அவன் கம்பியை ஓங்கினான். அவர் கண்ணை மூடவில்லை. கம்பி அப்படியே நின்றது. வெயில் வாசலுக்கு ஏறும்வரை அவர் அங்கேயே நின்றார்.

கடைசியில் "கேட்டாச்சு" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.