பனி மூடிய பேனலில் வந்த வெப்பம்

1. ஏழு நாள் பனி

அந்தப் பெப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க ரொறன்ரோவில் சூரியன் தலைகாட்டவில்லை. ஸ்காபரோவில் ஒரு பதினான்கு மாடிக் கட்டிடத்தின் கூரையில் எங்கள் கொம்பனி பூட்டியிருந்த சோலார் பேனல்கள் எல்லாம் பனிக்குள் புதைந்து கிடந்தன. நானே ஏறிப்போய்ப் பார்த்தேன். பேனலின் விளிம்பு எது, கூரை எது என்று தெரியவில்லை. பிறகு கீழே பொயிலர் அறைக்கு வந்து மீற்றரை வாசித்தேன். அந்த வாரம் சூரியனிடமிருந்து கிடைத்த வெப்பம் என்று அது ஓர் எண்ணைக் காட்டியது. முந்தின வாரம் நல்ல வெயிலுக்கு வந்த எண்ணும் ஏறக்குறைய அதுதான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். அதே எண்.

ஊரில் நான் மன்னார்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். சில மாணவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற வாசிப்புகளைப் பிறகு இட்டுக்கட்டுவார்கள். அப்படிப்பட்ட கொப்பியைத் திறந்த உடனேயே எனக்குப் பிடிபட்டுவிடும். எண்கள் அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக இருக்கும். என் வாசிப்புப் புத்தகத்தை நவம்பர் வரைக்கும் பின்னோக்கிப் புரட்டினேன். மழை, வெயில், பனி எதுவும் அந்த எண்களைத் தொடவில்லை. நான்கு மாதமாக அவற்றை என் கையாலேயே எழுதிவந்திருக்கிறேன். அன்றுதான் கண்ணில் பட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரெக்ஸ்டேலில் ஆறு பேர் வேலை செய்த ஒரு சிறிய கொம்பனி எங்களுடையது. முதலாளி ரொஸ், ஐம்பது வயதுக் கனடியன். பூமி சூடாகிறது, காஸ் எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று கட்டிடங்களின் வாசல் மண்டபங்களில் நின்று பேசுவான். வெளியே மைனஸ் இருபதில் நடந்து வந்தவர்கள், "இந்தக் குளிருக்குள்ள பூமி சூடாகுதாம்" என்று சிரித்துக்கொண்டு லிஃப்ற்றுக்குள் போவார்கள். ரொஸ் அசரமாட்டான். அவன் பேசுவதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

எங்கள் வேலை இலகுவானது. கட்டிடத்துக்குள் வரும் குளிர்ந்த தண்ணீர் முதலில் சோலார் தாங்கி என்ற பெரிய தொட்டிக்குள் போகும். கூரையிலிருந்து பைப்பில் வரும் சூடு அங்கே அதை வெதுவெதுப்பாக்கும். பிறகு அது காஸ் பொயிலருக்குப் போகும். பாதிச் சூடு ஏற்கனவே ஏறியிருப்பதால் பொயிலர் குறைவாக எரியும். சோலார் தாங்கியை விட்டு வெளியேறும் தண்ணீர் எவ்வளவு சூட்டைக் கொண்டுபோகிறது என்று மீற்றர் எண்ணும். வாரம் ஒருமுறை ரெக்ஸ்டேலில் இருந்து மூன்று பஸ் மாறிப் போய் அதை வாசித்து எழுதுவது என் பொறுப்பு.

2. சுப்பர்

முதலில் நான் சந்தேகப்பட்டது யோகண்ணையைத்தான்.

கட்டிடத்தைப் பராமரிக்கிறவரை அங்கே எல்லோரும் சுப்பர் என்பார்கள். அந்தக் கட்டிடத்தின் சுப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், யோகநாதன். பொயிலர் அறைப் பூட்டின் திறப்பு அவரிடம் மட்டும்தான். முதல் நாளிலிருந்தே அவருக்கு எங்கள் பேனல்களைப் பிடிக்கவில்லை. நான் அறைக்குள் நின்றால் ஏதோ வேலை இருப்பதுபோலக் கதவடியில் வந்து நிற்பார்.

"அண்ணை, இஞ்ச உள்ள பைப்புகளில ஏதும் கை வச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் ஏன் வைக்கிறன்? உங்கட சாமானில கை வச்சால் பிறகு பழி என்ர தலையில எல்லோ விழும்."

"தண்ணி சூடு காணாதெண்டு ஆக்கள் ஆராவது சொல்ல, நீங்கள் ஏதும் திருத்தினீங்களோ எண்டுதான் கேக்கிறன்."

"தங்கச்சி, நீர் என்னை வேவு பாக்கவோ வாறனீர்?" அவர் குரல் மாறிவிட்டது. "நான் ஒண்டு கேக்கிறன், அதுக்கு மறுமொழி சொல்லும். உங்கட சூரியன் உண்மையாய் வேலை செய்யுதெண்டால், என்ர பொயிலர் ஏன் நிக்காமல் ஓடுது?"

இதே கேள்வியை அவர் டிசம்பரிலும் கேட்டவர். பேனல் வந்தால் தன் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்கிறார் என்று நான் அப்போது தட்டிக்கழித்துவிட்டேன்.

இந்தமுறை அவர் என்னைக் கையோடு பொயிலருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் ஒரே ஆணியில் போன வருடத்துக் கலண்டரும் இந்த வருடத்துக் கலண்டரும் தொங்கின. ஒவ்வொரு நாள் பெட்டியிலும் பென்சிலால் சிறிய எண்கள். காஸ் மீற்றரின் வாசிப்பு.

"ரெண்டு வரியமாய் எழுதுறன். ஒருத்தரும் எழுதச் சொல்லேல்லை. போன வரிய ஜனவரியையும் இந்த ஜனவரியையும் பாரும்."

பார்த்தேன். பேனல் இல்லாத ஜனவரிக்கும் பேனல் உள்ள ஜனவரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் மீற்றர் சொன்ன அளவு வெப்பம் சூரியனிலிருந்து வந்திருந்தால் காஸ் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

3. நேராக நின்ற கைப்பிடி

அவரையும் பக்கத்தில் நிற்கவைத்து நான் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கூரையிலிருந்து இறங்கும் பைப் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. அதன் பம்ப் ஓடவில்லை. ஆனால் சோலார் தாங்கி கை வைக்க முடியாதபடி சுட்டது. அப்படியென்றால் சூடு வேறெங்கோ இருந்து வருகிறது.

தாங்கியின் பின்பக்கமாக ஒரு மெல்லிய பைப் பொயிலரிலிருந்து வந்து சேர்ந்தது. அதன் வால்வின் கைப்பிடி பைப்போடு நேராக நின்றது. நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. பொயிலர் தண்ணீர் அந்த வழியால் சோலார் தாங்கிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காஸ் எரித்த சூட்டை எங்கள் மீற்றர் சூரியனின் சூடு என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், தாங்கி எந்நேரமும் சூடாக இருந்ததால் வெயில் அடித்த நாட்களிலும் பேனல்களின் சூட்டுக்கு உள்ளே இடம் இருக்கவில்லை. நல்ல வெயில் நாட்களில்கூட அந்தப் பம்ப் பேசாமல் இருந்ததை நான் கவனித்திருக்கிறேன். நல்ல சத்தமில்லாத பம்ப் என்று நினைத்திருந்தேன்.

"இதை ஆர் திறந்தது?"

யோகண்ணை வால்வில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்த மட்டையைத் தூக்கிக் காட்டினார். 'சுப்பர் தொடக்கூடாது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ரொஸ்ஸின் கையெழுத்து.

"தொடாதை எண்டு எழுதிக் கட்டினது உங்கட ஆள். நான் தொடேல்லை."

வால்வைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் சந்தேகம் முழுக்க ரொஸ் மேல் ஏறிவிட்டது. இன்னும் பதினெட்டுக் கட்டிடங்களுக்குப் பேனல் பூட்ட நிதி கேட்டு அவன் விண்ணப்பித்திருந்தான். நிதி கொடுக்கும் குழு மார்ச் நடுப்பகுதியில் கூடுகிறது. இந்த ஒரு கட்டிடத்தின் எண்கள்தான் அவனுடைய ஆதாரம். வால்வைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் பூட்டாமலிருக்க மட்டையும் கட்டியிருக்கிறான் என்று எனக்குள்ளேயே வழக்கை முடித்துவிட்டேன்.

ஒவ்வீசுக்கு வந்ததும், வேலை முடித்த அன்று நிரப்பிய சோதனைப் படிவத்தைத் தேடி எடுத்தேன். முப்பது வரிக்கு மேல். இருபத்தாறாவது வரி: மீற்றரைச் சோதிக்கப் பொயிலர் தண்ணீர் விடும் வால்வு, சோதனைக்குப் பின் மூடப்பட்டது. எதிரே ஒரு சரி அடையாளம். பக்கத்தில் சோதித்தவரின் கையெழுத்து.

அது என்னுடைய கையெழுத்து.

அந்த அக்டோபர் நாள் நினைவுக்கு வந்தது. தூறல். கொம்பனியின் வான் வண்டி இயங்கிக்கொண்டிருக்க, ரொஸ் கிளிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "எல்லாம் பாத்தாச்சு, சைன் வை" என்றான். முழு வரிகளுக்கும் வானுக்குள் இருந்தபடியே அடையாளம் போட்டுக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற அவசரம்.

படிவத்தை மூடி வைத்தேன். அதைக் கிழித்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

4. தங்கச்சிக்கான கடிதம்

அடுத்த நாள் காலை ரொஸ்ஸின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பேசியது ஆங்கிலத்தில். என் காதில் விழுந்த விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

"வால்வைப் பூட்டிப்போட்டியா?"

"ஓம், நேற்றே பூட்டினன்."

"நல்லது. அப்ப இனிச் சரியான எண் வரும். பழசை விடு."

"பழைய எண்கள் குழுவுக்கு அனுப்பின றிப்போட்டில இருக்கே."

"மீற்றர் காட்டினதைத்தானே எழுதினனாங்கள்? ஒருத்தரும் பொய் சொல்லேல்லை." எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "கேள், வெயில் காலத்தில இந்தப் பேனல்கள் வேலை செய்யும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினெட்டுக் கட்டிடம் காஸைக் குறைக்கப் போகுது. உலகம் சூடாகிக்கொண்டு போகுது, உனக்கு ஒரு வால்வு பெரிசாய்த் தெரியுதா?"

அவன் குரலைத் தணித்துக் கேட்டான்: "தங்கச்சியை ஸ்பொன்சர் செய்ய வேலைக் கடிதம் வேணும் எண்டனி. எப்ப தேவை?"

என் தங்கச்சி கொழும்பில் ஒரு லொட்ஜில், போர்க்காலத்தில் வெளியூர்த் தமிழர் எடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவோடு, கனடா வரக் காத்திருந்தாள். நிரந்தர வேலை இருக்கிறது என்ற கடிதம் இல்லாமல் என் விண்ணப்பம் நகராது. அவன் அதை அன்பாகக் கேட்டானா, மிரட்டினானா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அந்த ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பி மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொருமுறையும் வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த மூன்று வாரமும் நான் ஸ்காபரோவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். யோகண்ணையும் நானும் ஒரே நேரத்தில் வாசிப்போம்; அவர் காஸ் மீற்றர், நான் சோலார் மீற்றர். வெயில் வந்த முதல் நாள் கூரைப் பம்ப் உறுமத் தொடங்கியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்தச் சத்தத்தை நான் இவ்வளவு நாளும் கேட்டதில்லை, தங்கச்சி."

அன்று காஸ் கொஞ்சம் குறைந்தது. முகில் மூடிய நாளில் குறையவில்லை. எங்கள் எண்களும் ஏறி இறங்கின. றிப்போட்டில் இருந்த எண்ணோடு பார்த்தால் இவை மிகச் சிறியவை.

5. கூட்டம்

குழுவில் ஒன்பது பேர். ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் அதில் இருந்தார், தடித்த கண்ணாடி போட்ட முதியவர். ரொஸ் பூமி சூடாவதைப் பற்றி நன்றாகப் பேசினான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த எஞ்சினியர் மட்டும் றிப்போட்டின் ஒரு பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஜனவரியும் நவம்பரும் ஒரே மாதிரி இருக்கே," என்றார். "இந்தக் கட்டிடத்தின்ர காஸ் மீற்றர் என்ன சொல்லுது?"

ரொஸ் தண்ணீர்க் குவளையை எடுத்தான். குடிக்கவில்லை. அவன் வாய் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன். என் ஆங்கிலம் அன்றைக்கு இன்னும் மோசம்.

"அந்த எண்கள் பிழை. ஒரு வால்வு திறந்திருந்தது. காஸ் சூட்டைச் சூரியன் சூடு எண்டு மீற்றர் எண்ணிப்போட்டுது. வால்வு பூட்டியிருக்கு எண்டு பாக்காமல் கையெழுத்து வச்சது நான்." படிவத்தையும், யோகண்ணை தந்த கலண்டர் தாள்களையும், மூன்று வாரத்துப் புதிய வாசிப்புகளையும் மேசையில் வைத்தேன்.

எஞ்சினியர் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்போது ரொஸ் சொன்னான்: "கையெழுத்து வைக்கச் சொன்னது நான். அவள் வானை விட்டு இறங்கவே இல்லை. சோதனை முடிஞ்சு மட்டையைக் கட்டினதும் நான்தான்."

அவன் வால்வை மறந்துவிட்டு மட்டையைக் கட்டினானா, தெரிந்து கட்டினானா? அவனோடு மேலும் ஆறு வருடம் வேலை செய்தேன். கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

பதினெட்டுக் கட்டிடங்களும் கிடைக்கவில்லை. ஒரு வருடத்து வாசிப்போடு திரும்பி வாருங்கள், காஸ் மீற்றரையும் சேர்த்து எழுதுங்கள், வாசிப்பவர் உங்கள் கொம்பனி ஆளாக இருக்கக்கூடாது என்றார்கள். ரொஸ் இரண்டு பேரை வேலையால் நிற்பாட்ட வேண்டி வந்தது. அவர்களில் ஒருவருக்குக் கைக்குழந்தை. அவர் என்னோடு பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரில் நான் பிழை சொல்லமாட்டேன்.

கூட்டத்துக்கு அடுத்த நாள் என் மேசையில் வேலைக் கடிதம் இருந்தது. ஏதாவது பொறி இருக்கிறதா என்று அதை மூன்றுமுறை வாசித்தேன். ஒன்றும் இல்லை. தங்கச்சி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள்.

ஒரு வருடம் வாசித்து எழுதியவர் யோகண்ணை. குழுவே அவரை நியமித்தது. வந்த எண் ரொஸ் வாக்குக் கொடுத்ததைவிடக் குறைவு, ஆனால் காஸ் மீற்றரும் அதையே சொன்னது. அந்த எஞ்சினியர் கலண்டரையும் சோலார் வாசிப்புப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுவிட்டு, "இதை நான் நம்புறன்" என்றார். நான்கு கட்டிடங்கள் தந்தார்கள். நான்கிலும் வால்வுகளை நானே போய்ப் பூட்டினேன்.

இப்போது இந்தத் துறைக்கு வரும் இளையவர்கள் பலர் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வேலை செய்தேன். நல்ல வேலை செய்கிறோம் என்ற நினைப்பில் நான்கு மாதம் பிழையான எண்ணை அழகான கையெழுத்தில் எழுதினேன். அதைக் கண்டுபிடித்தவர் எங்களை நம்பாத ஒருவர். ஆகையால் உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: நீங்கள் எதிர்பார்த்த எண் அப்படியே வந்து நிற்கும் நாளில், எழுதுவதற்கு முன் கீழே இறங்கிப்போய்ப் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். உங்களை நம்பாத ஒருவரையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள்.