போதும் என்று சொன்னவர்

வீட்டுக்கு வீடு தக்ளியில் நூல் நூற்ற அந்த நாட்களில், வெந்நீர் கொட்டி வெந்த என் கைக்குத் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டுப் போட்ட கம்பவுண்டர் அவர். மெலிந்த உருவம், அத்தர் வாசனை, மடங்கிப்போன சுண்டுவிரல். கட்டை அவிழ்த்ததும் புண்ணருகே குனிந்து, தூங்கும் குழந்தையிடம் பேசுவதுபோல, "போதும் நைனா" என்பார்.

"யாருகிட்ட சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புண்ணுக்குள்ள தக்ளி மாதிரி கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க கீது சார், மைக்ராஸ்கோப்புல பாத்துகீறேன். நூல் நூத்துப் புண்ணை மூடும். நல்லதுங்கதான், நிறுத்தத்தான் தெரியாது. விட்டா வெரலையும் இழுத்து மடக்கிடும்."

என் விரல்களை நீட்டி மூங்கில் பத்தையோடு சேர்த்துக் கட்டினார்.

"உங்க சுண்டுவிரல்?"

"அன்னிக்கி போதும்னு சொல்ல ஆளில்ல சார்."

என் விரல்கள் நேராகவே ஆறின. விடியற்காலைக் கனவில் கைக்குள் இன்னும் தக்ளிகள் சுழல்கின்றன. அந்தச் சுண்டுவிரலை ஒருமுறை தொட்டிருக்கலாம் என்று விழித்ததும் தோன்றுகிறது.