கை தூக்கச் சொன்ன நாள்

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி வீரபாண்டியில் இருந்தது. முதலாளி நல்லவர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தன் காரையே அனுப்பினார். பின்சீட்டெல்லாம் ரத்தம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளிக்கு எங்களை எல்லாம் உட்காரவைத்து, “இது கம்பெனி இல்லீங்க, ஒரு குடும்பம். நான் உங்க அப்பன் மாதிரி” என்பார். நாங்கள் கை தட்டுவோம்.

அந்தக் குடும்பத்தில் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேலை நேரத்தில் போன் கூடாது என்றார்கள், நியாயம்தான் என்றோம். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும் என்றார்கள், முணுமுணுத்துக்கொண்டே வாங்கினோம். பிறகு டீ நேரத்தில் கூடி நின்று பேசக்கூடாது என்றார்கள். டீ குடிக்கும் இடத்தில் கேமராவும் வந்தது. “கண்டிசன் இருந்தாத்தான் கம்பெனி ஓடும்” என்று எங்களில் பலரே சொன்னார்கள். கண்டிப்பு வடநாட்டுப் பிள்ளைகளுக்கு, நமக்கு இல்லை என்று ஒரு நினைப்பு.

எனக்கு அடுத்த மிஷினில் ஒரு முஸ்லிம் பெண், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் அடித்தாள். தாராபுரத்துக்காரி, என்னைவிட இளையவள். எனக்குத் தோழியாகிவிட்டாள். ஒருநாள் காய்ச்சலில் துவண்டிருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி டோக்கன் கேட்டாள். சூப்பர்வைசர் தர முடியாது என்றார். அவள் மிஷினுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்த என் தோழி, “இத யாருகிட்டக்கா போய்ச் சொல்றது?” என்றாள்.

கொஞ்ச நாளில், குறைகளைச் சொல்லத் தொழிலாளர் கமிட்டி இருந்தால்தான் ஆர்டர் என்று, எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டதாகப் பேச்சு வந்தது. முதலாளி மிஷின்களை நிறுத்தச் சொல்லி எங்கள் நடுவில் வந்து நின்றார். கமிட்டிக்கென்று தானே சில பெயர்களைப் படித்தார். எல்லாம் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்கள்.

“இவிங்க போதுமுங்களா? சம்மதம்னா கை தூக்குங்க.”

கைகள் எழுந்தன. அப்போது என் தோழி எழுந்தாள்.

“ஏனுங்க, யாரு வேணும்னு நாங்களே சீட்டுல எழுதிப் போடலாங்களா?”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“அதுக்கென்னங்கம்மிணி, போடலாமே. சீட்டு வேணுங்கறவங்க கை தூக்குங்க.”

யார் பார்க்கிறார்களோ என்ற பயம் இல்லாமல் எழுதத்தான் சீட்டு. அந்தச் சீட்டு வேண்டும் என்று அவர் முகத்துக்கு நேரே கையைத் தூக்க வேண்டும். பக்கத்தில் சூப்பர்வைசர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கிடந்த அந்தக் காரின் பின்சீட்டு ஞாபகம் வந்தது. நன்றி என்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் கையைத் தூக்கினேன். அந்தப் பெரிய ஷெட்டில் அவள் கையும் என் கையும் மட்டும்தான்.

சாயங்காலம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“உனக்கு நான் என்ன கொற வெச்சனம்மிணி?”

“கொற ஒண்ணும் இல்லீங்க. கொற இருந்தாச் சொல்றதுக்கு ஒரு வழி வேணுமில்லீங்களா?”

“அதுக்குத்தான் நான் இருக்கறனே.”

“உங்களப் பத்தியே சொல்லோணும்னா யாருகிட்டப் போறதுங்க?”

அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பெற்ற மகள் எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் என் தோழியை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவள் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் டீ நேரத்தில் நான் போய் நின்றால் மற்றவர்கள் நகர்ந்தார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்ற சட்டம் எனக்கு மட்டும் தானாகவே நடந்தது. “உங்களாலதான் எங்களையும் மொறச்சுப் பாக்கறாங்க” என்றாள் ஒருத்தி, என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பழகியவள். அந்த வாரமே வேலையை விட்டேன்.

கணவர் என்னோடு வெகுநாள் சரியாகப் பேசவில்லை. “அந்த மனுசன் இல்லீன்னா நான் இன்னைக்கு நடப்பனா?” என்றார். நடந்திருக்க மாட்டார்தான். அதற்காக அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

தோழி தாராபுரத்துக்கே போய்விட்டாள். வேறு கம்பெனிகளில் கேட்டபோது, அவள் பெயர் அவளுக்கு முன்பே அங்கே போயிருந்ததாம். “நீங்க கை தூக்கலீன்னா எனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சிருப்பனுங்கக்கா” என்று போனில் சொன்னாள். அழுதாளா என்று தெரியவில்லை. பின்னால் பஸ் ஹாரன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பழைய கம்பெனிப் பெண் ஒருத்தியைச் சந்தையில் பார்த்தேன். கமிட்டி எப்படி நடக்கிறது என்று கேட்டேன். “கையெழுத்துப் போடச் சொன்னாப் போடறோமுங்க. இப்ப ஒரு சத்தமும் இல்ல, நல்லாத்தான் இருக்குது” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலங்கவைத்தது.

இப்போது சில மிஷின்களே உள்ள சின்ன ஷெட்டில் தைக்கிறேன். முதலாளி இளவயதுக்காரர், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். போன வாரம், இனிமேல் போன்களை ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்றார். எல்லோரும் எடுத்துப் போட்டார்கள்.

நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “எதுக்குங்க?” என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். பக்கத்து மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன.